சிறு முதலும் பேரச்சமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் கலாசாலை விடுதி மாணாக்கர் சிலர் ஒன்றுகூடி, கலாசாலை நாள் விழாவிற் காட்டுதற்கென ஒரு சிறிய பேய்ப் படம் எடுக்கக் கருதினர். கதை எழுதியாயிற்று, நடிப்பாரும் கிடைத்தனர், படம் பிடிக்கத்தக்க கைப்பேசிகள் அறைக்கு இரண்டு மூன்று இருந்தன. ஆயினும் பத்து நாள் சென்றபின் அம்முயற்சி கைவிடப்பட்டது. காரணம் வினவியபோது, "பேயை எவ்வாறு காட்டுவது? வேடத்திற்கும் விளக்கிற்கும் பணம் இல்லை" என்று விடை வந்தது. அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. உலகிற் பெயர்பெற்ற அச்சப் படங்களுட் பல, பேயைக் காட்டப் பொருளில்லாதார் எடுத்தவையே. அவர்கள் வேறு வழியின்றிக் காட்டாது விட்டதே பார்ப்பார் நெஞ்சில் ஆழ்ந்து பதிந்தது. இதனை எடுத்துக்காட்டுக்களால் விளக்குதலே எம் நோக்கம்.

அச்சச்சுவை இழிந்ததொரு சுவை என்றும், அதனை விரும்புவார் அறிவு முதிராதார் என்றும் கூறுவாருமுளர். தொல்காப்பியனார் அங்ஙனம் கருதினாரல்லர். மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த அவர், பெருமிதத்திற்கும் உவகைக்கும் அளித்த இடத்தை அச்சத்திற்கும் அளித்தார். அவ்வச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காம் என்றும் வரையறுத்தார். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் துன்பியல் நாடகத்தின் பயனை ஆராய்ந்தபோது இரக்கத்தையும் அச்சத்தையும் ஒருங்கு வைத்தே பேசினார். வாழ்க்கையில் வரும் அச்சத்தினின்று நாம் ஓடுகின்றோம். ஓடுகையில் அதனை உற்றுநோக்க இயலுவதில்லை. கலையில் வரும் அச்சத்தின்முன் அமர்ந்திருக்கின்றோம். அமர்ந்திருத்தலின் நாம் அஞ்சுவது யாதென்று அறிந்துகொள்ளுகின்றோம். இஃதொரு பயனே என்பதில் ஐயமில்லை.

இனி, சிறு முதற் படம் என்று யாம் ஈண்டுக் குறிப்பது, பெரிய படக் கம்பெனிகளின் ஆதரவின்றி, நண்பரும் உறவினரும் உள்ளூர் வணிகரும் அளித்த தொகையைக்கொண்டு, பெயர் அறியப்படாதார் சிலர் கூடி எடுக்கும் படத்தையாம். இத்தகைய அச்சப் படங்கள் அமெரிக்க நாட்டில் மிகுதியாகத் தோன்றினமையின், எடுத்துக்காட்டுக்களையும் பெரும்பாலும் அந்நாட்டினின்றே கொள்ளுகின்றோம்.

இந்நெறிக்கு முன்னோடியாக நின்றது ஒரு கம்பெனிப் படமே என்பது குறிப்பிடத்தக்கது. 1942-ஆம் ஆண்டில் ஆர். கே. ஓ. கம்பெனியார் வால் லூட்டன் என்பவரிடம் 'கேட் பீப்பிள்' என்னும் தலைப்பை மட்டும் கொடுத்து, குறைந்த செலவில் ஒரு படம் எடுத்துத் தருமாறு பணித்தனர். பூனைவேடம் பூண்ட மனிதரைக் காட்டியிருப்பின் அப்படம் நகைப்பிற்கே இடமாயிருக்கும். லூட்டனும், டைரக்டர் ழாக் டூர்னரும் வேறு வழி கொண்டனர். இரவில் ஒரு பெண் நீச்சற்குளத்தில் தனியே இருக்கின்றாள். நீரின் ஒளி சுவரெங்கும் அலைகின்றது. எங்கோ ஒரு விலங்கின் உறுமல் கேட்கின்றது. ஒரு நிழல் அசைகின்றது. அவள் அலறுகின்றாள். அங்கே விலங்கு இருந்ததா என்பதை நாம் கண்டோமில்லை. விலங்கென்னும் நிலைக்களத்தை நிழலாலும் ஒலியாலுமே நிறுவிய இக்காட்சி, எட்டுப் பத்தாண்டுகள் கடந்த பின்னரும் படம் எடுப்பாரால் எடுத்துக்காட்டப்பெறுகின்றது.

அணங்கென்னும் நிலைக்களத்திற்கு உரியது 1962-இல் வெளிவந்த 'கார்னிவல் ஆஃப் ஸோல்ஸ்'. இதனை எடுத்த ஹெர்க் ஹார்வி, கான்ஸஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில், பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய போதனைப் படங்கள் எடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் ஒருநாள் மாலை காரிற் செல்லும்போது, யூட்டா மாகாணத்துப் பெரிய உப்பேரியின் கரையிற் பாழடைந்து நின்ற ஸால்ட்டேர் என்னும் கேளிக்கை மண்டபத்தைக் கண்டார். அக்காட்சியே கதைக்கு அடிப்படையாயிற்று. வேலையினின்று மூன்று வாரம் விடுப்புப் பெற்று, ஏறத்தாழ 33,000 டாலர் செலவில் படத்தை முடித்தார். கதைத் தலைவி தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். பாலத்தினின்று கார் ஆற்றில் வீழ, அவள் ஒருத்தியே கரையேறுகின்றாள். அதன்பின் வெளிறிய முகத்தினன் ஒருவன் அவள் செல்லுமிடமெல்லாம் தோன்றி மறைகின்றான். அவ்வுருவாக நடித்தவர் ஹார்வியே. வேடமென்பது முகத்திற் பூசிய வெண்மையும் கண்ணைச் சூழ்ந்த கருமையுமே.

அப்படத்தில் எம்மை மிகவும் அச்சுறுத்திய காட்சியில் அவனும் இல்லை. தலைவி ஒரு கடையில் உடை வாங்கிக்கொண்டிருக்கின்றாள். திடீரென்று உலகத்து ஒலியெல்லாம் அற்றுவிடுகின்றது. அவள் பேசுவது கடைப்பெண்ணின் செவியில் விழவில்லை. அவள் நிற்பதும் எவர் கண்ணிலும் படவில்லை. தெருவில் மக்கள் வழக்கம்போல் நடக்கின்றனர். அவள் மட்டும் உலகினின்று நீக்கப்பட்டவளாய் நிற்கின்றாள். இதற்கு ஆன செலவு யாது? ஒலியை நிறுத்தியது ஒன்றே. முடிவை ஈண்டுக் கூறாது விடுகின்றோம், காணாதார் கண்டறிவாராக.

1999-இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' காட்டாமையை அதன் எல்லைக்கே கொண்டுசென்றது. டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்னும் இருவர், முகமறியாத நடிகர் மூவரை மேரிலாந்து மாகாணத்துக் காட்டிற்கு அனுப்பி, காமிராவையும் அவர்கள் கையிலேயே கொடுத்து, 1997-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எட்டு நாட்களிற் படம் பிடித்தனர். நடிகர்க்கு நாடோறும் குறிப்புச் சீட்டுக்களே கிடைத்தன; உணவும் நாளுக்குநாள் குறைக்கப்பட்டது. சூனியக்காரியைப் பற்றிய கதையாயிருந்தும், சூனியக்காரி ஒருமுறையேனும் தோன்றவில்லை. கற்குவியல்கள், குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்ட உருவங்கள், இரவிற் கூடாரத்திற்கு வெளியே கேட்கும் ஓசைகள் என்பனவே காட்சிகள். இறுதியில் ஒருவன் சுவர்மூலையை நோக்கித் திரும்பி நிற்கின்றான், அவ்வளவே. அங்ஙனம் நிற்றலின் பொருளைப் படத்தின் தொடக்கத்திற் செவிமடுத்து நினைவில் வைத்தவர்க்கு அந்நிலை போதும்.

இதன் காரணம் ஆராயத்தக்கது. பேயின் உருவம் திரையில் தோன்றியவுடன் அதற்கோர் அளவு உண்டாகிவிடுகின்றது. இன்ன உயரம், இன்ன நிறம், இத்தனை பற்கள் என்று கண் கணக்கெடுக்கின்றது. கணக்கில் அடங்கியதை எதிர்க்கலாம் என்று நெஞ்சும் தேறுகின்றது. காட்டப்படாத பேய்க்கோ பார்ப்பவனே உருக்கொடுக்கின்றான். தன் நெஞ்சில் நெடுநாளாக உறைந்துள்ள அச்சங்களையெல்லாம் எடுத்துக் கொடுக்கின்றான். நம் சிறுபருவத்தில், அந்தி சாய்ந்தபின் புளியமரத்தடியிற் போகலாகாது என்று கூறிய பாட்டிமார், அங்கிருப்பது எத்தகையது என்று ஒருநாளும் வருணித்தாரல்லர். அவர்கள் வருணியாமையினாலேயே அம்மரம் இன்றும் நம்மிற் பலரை விரைந்து நடக்கச் செய்கின்றது.

சிறு முதற் படங்களின் கவர்ச்சிக்கு இரண்டாம் காரணம், அவற்றில் வரும் இடமும் முகமும் ஆகும். பெயர்பெற்ற நடிகர் ஒருவர் பேய் வீட்டினுள் நுழையுங்கால், அவர்க்கு இடைவேளைக்குள் ஒன்றும் நேராது என்பதை நாம் அறிவோம். அவர் பெற்ற ஊதியமே அவர்க்குக் காப்பு. முகமறியாதார்க்கு அக்காப்பு இல்லை; யார் எப்போது வீழ்வர் என்பது தெரியாது. இடமும் அத்தகையதே. ஸ்டூடியோவில் அமைத்த மாளிகையில் நாம் குடியிருந்தோமல்லோம். ஓரன் பெலி என்பார் ஸான் டியேகோ நகரிலுள்ள தம் சொந்த வீட்டிலேயே, ஏழு நாட்களில், ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுத்த 'பேரநார்மல் ஆக்டிவிட்டி' 2007-இல் முதன்முதல் காட்டப்பெற்றது. படுக்கையறையின் ஒரு மூலையில் நிறுத்திய காமிரா, உறங்கும் இருவரையும் திறந்த கதவொன்றையும் காட்டிக்கொண்டேயிருக்கின்றது. நெடுநேரம் ஒன்றும் நிகழ்வதில்லை. பின்னர்க் கதவு சிறிதே அசைகின்றது. அத்தகைய கதவொன்று நம் வீட்டிலும் உண்டு. படம் முடிந்து வீடு திரும்புவார்க்கு அதனைக் கடந்தன்றோ படுக்கைக்குச் செல்லவேண்டியிருக்கின்றது!

மூன்றாம் காரணத்தையே யாம் தலையாயதாகக் கருதுகின்றோம். பிறர் பொருளை மிகுதியாகப் பெற்றவன் அவர் மனம் நோவாதபடி கதையை முடிக்கவேண்டும். சிறிதே பெற்றவன் தான் உண்மையென்று கண்டபடி முடிக்கலாம். 1968-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் பிட்ஸ்பர்க் நகரில் வெளியிடப்பெற்ற 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' இதற்குச் சிறந்த சான்று. விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துவந்த ஜார்ஜ் ரொமெரோவும் அவர் நண்பரும் பதின்மர் கூடி, ஆளுக்கு 600 டாலர் இட்டு இதனைத் தொடங்கினர். முடிவில் ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடே களம். இரத்தமாகத் தோன்றியது சாக்கலேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படமாதலின் அதுவே போதியதாயிற்று. கல்லறையினின்று எழுந்துவரும் பிணங்களாக நடித்தோர் அவ்வட்டாரத்து மக்கள்.

அவ்வீட்டில் அகப்பட்டோருள் அறிவும் துணிவும் மிக்க பென் என்னும் பாத்திரத்தை ஏற்றவர் டுவேன் ஜோன்ஸ் என்னும் நீக்ரோவர். தேர்விற் சிறந்து நடித்தமையாலேயே அவரைக் கொண்டதாக ரொமெரோ கூறியுள்ளார். பென் இரவு முழுதும் பிணங்களோடு போராடித் தான் ஒருவனே உயிர்தப்புகின்றான். விடிந்தபின் ஷெரீபின் தலைமையிற் காவலரும் துப்பாக்கி ஏந்திய ஊராரும் வருகின்றனர். சன்னலருகே நின்றவனைப் பிணமென்று கருதிச் சுட்டுவிடுகின்றனர். அவன் உடலையும் பிணங்களோடு சேர்த்துத் தீயிலிடுகின்றனர். தொல்காப்பியனார் நான்காவதாகக் கூறிய 'தம் இறை' என்னும் நிலைக்களத்தின் பொருளை யாம் அன்று உணர்ந்தோம். காக்க வந்த கையினின்று வரும் அச்சம், கல்லறையினின்று வரும் அச்சத்தினும் கொடிது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதை நினையுங்கால், அமெரிக்க மக்கள் அம்முடிவை எங்ஙனம் கண்டிருப்பர் என்பது விளங்கும். முடிவை மாற்றுமாறு பெரிய கம்பெனியார் கேட்டும் எடுத்தவர்கள் இசைந்தாரல்லர். பதின்மர் பணமாகையால் மறுக்கவும் முடிந்தது. 1999-இல் அமெரிக்க அரசாங்க நூல்நிலையம் பாதுகாக்கத்தக்க படங்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது.

கள்வர் என்னும் நிலைக்களமொன்றே எஞ்சியுள்ளது. வீட்டினுட் புகும் கொடியோனைப் பற்றிய படங்களுள் 1978-இல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' தலைசிறந்தது. அதன் செலவு மூன்று இலட்சம் டாலரைச் சிறிதே கடந்தது. கொலையாளி அணியும் முகமூடி, இரண்டு டாலருக்கும் குறைந்த விலையிற் கடையில் வாங்கியது. தொலைக்காட்சி நாடகமொன்றின் கப்பற்றலைவன் முகமாக இருந்ததை வெள்ளைச் சாயம் பூசி உணர்ச்சியற்றதாக்கினர். கதை நிகழ்வது இலையுதிர் காலத்தில். படம் பிடித்ததோ இளவேனிலில். ஆகவே சாயமிட்ட இலைகளைத் தெருவிற் பரப்பிக் காட்சி முடிந்ததும் பொறுக்கியெடுத்து, அடுத்த தெருவிலும் அவற்றையே பரப்பினர். இசையில்லாத படத்தை முதலிற் பார்த்த ஒருவர் தமக்கு அச்சம் தோன்றவில்லை என்று கூறிவிட, கார்ப்பென்டர் தாமே இசை அமைத்தார். சில சுரங்களே திரும்பத் திரும்ப வரும் அவ்விசையை அகற்றிவிட்டால் அப்படத்தின் ஆற்றலிற் பாதி அகன்றுவிடும். ஸாம் ரெய்மி என்னும் இருபது வயது இளைஞர் டென்னஸி மாகாணத்துக் காட்டுக் குடிலிற் படம் பிடிக்கத் தொடங்கி 1981-இல் வெளியிட்ட 'தி ஈவில் டெட்' படத்திலும், காட்டில் விரைந்துவரும் கட்புலனாகாத தீய ஆவியின் நோக்கைக் காட்ட, ஒரு பலகையிற் காமிராவைப் பொருத்தி, இருபுறமும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினர். நம் விடுதியிற் பலகைக்கும் பஞ்சமில்லை, ஓடுவார்க்கும் பஞ்சமில்லை.

நிற்க. இங்ஙனம் புகழுமிடத்துக் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. சிறு முதலில் எடுக்கப்படும் அச்சப் படங்களுட் பெரும்பாலன காணத்தகாதன. அச்சத்தை விளைக்க அறியாதார் அருவருப்பை விளைக்கின்றனர். குருதியைக் கொட்டுவதும் உறுப்பை அறுப்பதும் எளிது. பெண்களை அலறவைத்துத் துன்புறுத்துவதே கதையாக அமைந்த படங்களும் உள. தொல்காப்பியனார் இளிவரலை வேறொரு மெய்ப்பாடாகப் பிரித்து வைத்ததன் நுட்பம் இத்தகைய படங்களைக் காணும்போது நன்கு புலனாகின்றது. வறுமை தானே கலையைப் பிறப்பித்துவிடும் என்று யாம் கூறவில்லை. வறுமை நெருக்குங்கால், எதனை விடுவது என்று ஆராய்ந்து துணிந்தவர் சிலர். அச்சிலர் படங்களையே யாம் போற்றுகின்றோம்.

மற்றொரு குறை இதனினும் பெரிது. சிறு முதலின் சுமையைத் தாங்கினோர்க்கும் பெரும் பயனைத் துய்த்தோர்க்கும் இடையே பெரும்பாலும் தொடர்பில்லை. பிளேர் விட்ச் படம் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடியே 80 இலட்சம் டாலர் ஈட்டியது. காட்டில் குளிரிலும் பசியிலும் கிடந்து, நடித்ததோடு படத்தையும் பிடித்த மூவரும் தமக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 2024-ஆம் ஆண்டிலும் பகிரங்கமாக முறையிட நேர்ந்தது. விளம்பரத்தின்பொருட்டு அவர்களைக் காணாமற்போனவர்களாக உலகை நம்பச் செய்ததும் நடந்தது. ரொமெரோ முதலியோர்க்கும் நல்லூழ் வாய்க்கவில்லை. வெளியிடுவோர் படத்தின் பெயரை மாற்றியபோது, அக்காலத்துச் சட்டப்படி இன்றியமையாததாயிருந்த உரிமைக் குறிப்பு விடுபட்டுப்போயிற்று. அதனால் அப்படம் அமெரிக்காவிற் பொதுவுடைமையாகி, எவரும் விற்கத்தக்கதாயிற்று. எடுத்தவர்கள் அடைந்த இழப்பு மிகப் பெரிது. நட்பின்பொருட்டு உழைக்க வருவாரிடம் முன்னரே பங்கை எழுதிக் கொடுத்தல் நட்பிற்குக் குறைவன்று. அதுவே நட்பைக் காக்கும்.

பொருள் மிகுந்தால் அச்சமும் மிகுமோ என்பார்க்கு ஒரு செய்தி கூறுவோம். பிளேர் விட்ச் பெற்ற வெற்றியைக் கண்டு, மறு ஆண்டே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் செலவில் அதன் தொடர்ச்சி எடுக்கப்பெற்றது. அதனைப் போற்றியோர் மிகச் சிலரே. இதற்கு மாறாக, ஓரன் பெலியின் படத்தை வாங்கிய பெரிய கம்பெனியார், கதையைப் பெருஞ்செலவில் மீண்டும் எடுக்க முதலில் எண்ணியிருந்தும், மக்கள் அச்சிறு படத்தைக் கண்டு அஞ்சியதை நேரிற் பார்த்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். ஒரு வீட்டுக் கதவு அசைவதை ஒன்றரைக் கோடி டாலர் கொண்டு அதனினும் நன்றாக அசைக்க இயலாது என்பதை அவர்கள் உணர்ந்தனர் போலும்.

இனி, முயற்சியைக் கைவிட்ட நம் மாணாக்கர்க்கு ஒரு சொல். நீவிர் குறையெனக் கருதியது குறையன்று. பேயைக் காட்டவேண்டா. பழைய விரிவுரைக் கட்டடத்தின் மேன்மாடத்து நடையை இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். கடைசி அறையில் ஒரு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அவ்வறையை நோக்கி ஒருவன் நடக்கட்டும். அவன் காலடி ஓசையோடு மற்றொரு காலடி ஓசையும் கேட்கட்டும். அவன் நிற்கும்போது அவ்வோசை சிறிது பிந்தி நிற்கட்டும். இதற்கு வேண்டுவது பொறுமையும் செவியும். அதற்கு முன்னர், நீவிர் உண்மையில் எதற்கு அஞ்சுகின்றீர் என்று உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள். தேர்வில் தோற்று வீடு திரும்பும் இரவிற்கா? எவரும் தம்மை அழைக்காத விடுதி அறைக்கா? அவ்வச்சத்தையே களமாகக் கொண்டு கதையைத் திருப்பி எழுதுங்கள்.

ஆசிரியர்கட்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பேய்ப் படம் என்ற பெயரைக் கேட்டவுடன் முகஞ்சுளியாது, அடுத்த கலாசாலை நாள் விழாவில் அரைமணி நேரம் இவர்கட்கு ஒதுக்கித் தருதல் வேண்டும். படம் நன்றாயிராவிடின் நாமெல்லாம் நகைப்போம். நகையும் எட்டனுள் ஒன்றே. நன்றாயிருப்பின், அன்றிரவு விளக்கணைத்தபின் விடுதி நடையில் தனியே செல்ல எவரும் துணியார். அவ்விரண்டில் எது நிகழினும் வெறுமனே கைவிட்டிருத்தலினும் நன்று.